சப்பாத்தில் நின்றுபோன பைக்: கோதையாறு மலைப்பக்கம் போகிறவர்களுக்கு

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். பைக் ரிப்பேர் 7,400 ரூபாய். அதை மலையிலிருந்து ஏற்றிவந்த மினி லாரிக்கு 2,800. தண்ணீரில் செத்துப்போன போனுக்குப் பதிலாக வாங்கியது 11,000. பத்து நாள் கழித்து வந்த காய்ச்சலுக்கு 9,600. மொத்தம் 30,800. சம்பளம் இல்லாமல் போன எட்டு நாள் தனி. இவ்வளவும் ஒரு ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை, கன்னியாகுமரி மாவட்டத்து மலையில் குற்றியாறு பக்கம் உள்ள ஒரு சப்பாத்தில், அதாவது ஆற்றைக் கடக்கிற தாழ்வான தரைப்பாலத்தில், ஐந்து நிமிடத்தில் நடந்தது. அன்று காலையில் அதே சப்பாத்தை டயர்கூட நனையாமல் தாண்டிப் போயிருந்தேன்.

நாகர்கோவில்காரன்தான் நான். அதுதான் பிரச்சினையே. வெளியூர்க்காரன் என்றால் நாலு பேரிடம் கேட்டுவிட்டுப் போயிருப்பான். நமக்கு "நம்ம மலைதானே" என்ற நினைப்பு. யாரும் எச்சரிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பேச்சிப்பாறை தாண்டி சாயா குடித்த இடத்தில் ஒரு பெரியவர், "மக்கா, மூணு மணிக்கு முன்ன எறங்கிரணும், கேட்டியா" என்றார். சரி என்று தலையாட்டினேன். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காரணம் தெரியாத எச்சரிக்கை காதோடு போய்விடுகிறது. அதனால் இங்கே ஒவ்வொன்றையும் காரணத்தோடு எழுதுகிறேன்.

முதலில் மலையின் அமைப்பு. நம்ம மாவட்டம் சின்னது. கடற்கரையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் வரைக்கும் பைக்கில் இரண்டு மணி நேர தூரம்தான். 2008-ல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் மட்டும் 402 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தில் ஏறக்குறைய கால் பங்கு. கிழக்கே மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல் நிற்கிறது. வடக்கே முகடு தாண்டினால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். இந்த மலையில் பெய்யும் மழை கீழே அணைக்கு வந்துசேர நீளமான பாதை கிடையாது. ஆயிரம் மீட்டருக்கு மேலிருந்து சில கிலோமீட்டருக்குள் செங்குத்தாக இறங்கிவிடுகிறது. தாமிரபரணி மாதிரி சமவெளியில் பரந்து வேகம் குறைய இடமில்லை. அதனால் நம்ம ஆறுகளில் வெள்ளம் ஏறுவது நாள் கணக்கில் இல்லை, நிமிடக் கணக்கில்.

இரண்டாவது, மழையின் குணம். நமக்கு இரண்டு மழை. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, சொல்லிவிட்டு வரும்: நாள் முழுக்க மூடம், விடாமல் தூறல், யாரும் ஏமாற மாட்டார்கள். ஐப்பசி மழை அப்படி இல்லை. காலையில் கண்ணாடி மாதிரி வானம் இருக்கும். வெயில் ஏற ஏற முகட்டில் மேகம் திரண்டு, மத்தியானம் இரண்டு மூன்று மணிக்கு இடியோடு கொட்டும். பெரியவர் சொன்ன மூணு மணிக்கு இதுதான் அர்த்தம். கொட்டுவது முகட்டில், கீழே நிற்கிற நம் தலைக்கு மேல் வெயில்கூட அடிக்கலாம். தலைக்கு மேல் உள்ள வானத்தைப் பார்த்து முடிவெடுக்கிறவன் இந்த மலையில் மாட்டிக்கொள்வான்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பி தக்கலை, குலசேகரம் வழியாகப் போனேன். பெட்ரோலும் பணமும் குலசேகரத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சிப்பாறை தாண்டியதும் ரோடு ஒடுங்கி, அரசு ரப்பர் தோட்டங்களுக்குள் நுழைகிறது. மணலோடை, குற்றியாறு, மயிலாறு, கோதையாறு எல்லாம் தோட்டப் பிரிவுகளின் பெயர்கள். போன் சிக்னல் இங்கிருந்தே விட்டுவிட்டுத்தான் வரும். தோட்டத்தில் ஒரு நல்ல வானிலை அறிக்கை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பால் வெட்டுகிறவர்கள் இருட்டோடு வந்து வெட்டிவிட்டு, சிரட்டையில் பால் நிறையும் வரை காத்திருந்துதான் எடுப்பார்கள். நேரமாகும் முன்பே வாளியோடு மரத்துக்கு மரம் ஓடுகிறார்கள் என்றால், மழை வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மழைத்தண்ணீர் விழுந்தால் அன்றைய பால் வீண். அன்று நானும் அந்த ஓட்டத்தைப் பார்த்தேன். அழகாக இருக்கிறதென்று போட்டோ எடுத்தேன்.

மேல் கோதையாறு பார்க்க வேண்டும் என்பதுதான் என் திட்டம். அதில் ஒன்றரை மணி நேரம் வீணானது. கீழ் கோதையாறு மின் நிலையம் வரைதான் இந்த ரோடு. மேலேயும் கீழேயும் இணைக்கிற விஞ்ச், அதாவது கம்பிவடத்தால் இழுக்கிற வண்டி, மின்வாரியத்தின் வேலைக்காக உள்ளது. சுற்றுலா வண்டி இல்லை. கேட்டில் நின்று கெஞ்சினாலும் ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் கூடாது. மேல் கோதையாறு போக அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு, மாஞ்சோலை என்று மலையைச் சுற்றி அந்தப் பக்கமாகத்தான் ஏற வேண்டும், அதுவும் வனத்துறை அனுமதியோடு. நம்ம பக்கத்திலிருந்து காட்டு வழியாக ஏறலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். தோட்டம் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று காட்ட எல்லா இடத்திலும் வேலி கிடையாது. ரப்பர் மர வரிசை முடிந்து மரங்கள் கலந்து நிற்க ஆரம்பித்தால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். 2018-ல் குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு மலையேற்ற விதிகள் நிறைய இறுகிவிட்டன.

ஒன்றரை மணிக்கு ஆற்றோரப் பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தேன். முகடு கறுத்துக்கிடந்தது, எனக்கு நல்ல வெயில். சாப்பிட்டு, கண்ணயர்ந்து எழுந்தபோது மூன்றரை. ஆற்றின் சத்தம் மாறியிருந்தது. காலையில் சலசலவென்று கேட்டது, இப்போது அடியில் ஏதோ உருளுகிற மாதிரி. தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. இந்த மூன்றும்தான் அடையாளம்: சத்தம் கனப்பது, நிறம் மாறுவது, சருகு வருவது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் பையை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறிவிட வேண்டும். குழந்தைகளோடு குளிக்கிறவர்கள் ஒரு ஆளைக் குளிக்கவிடாமல் மேட்டில் உட்காரவைத்து, ஆறு வரும் திசையையே பார்க்கச் சொல்லுங்கள்.

சப்பாத்துக்கு வந்தபோது நாலே கால். தளத்துக்கு மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஆள் இல்லை, இந்தப் பக்கமும் ஆள் இல்லை. முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும் என்று கண்ணால் அளந்தேன். இருட்டுமுன் போகாவிட்டால் யானை வரும் என்ற பயம் ஒரு பக்கம், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வந்த குற்ற உணர்ச்சி ஒரு பக்கம். முதல் கியரில் போட்டு இறக்கினேன்.

ஓடும் தண்ணீரின் ஆழத்தைக் கண்ணால் அளக்க முடியாது. சப்பாத்து மட்டமாகத் தெரியும். ஆனால் நடுவில் தளம் அரித்துப்போன பள்ளம் கலங்கலில் தெரியாது. பாசி பிடித்த கான்கிரீட் சோப்பு மாதிரி. அதைவிட முக்கியம் வேகம். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற பலம் நாலு மடங்கு. முழங்கால் அளவு ஓடும் தண்ணீர் திடகாத்திரமான ஆளையும் சாய்க்கும். ஒரு அடித் தண்ணீர் காரையே நகர்த்தும். பைக்கின் நிலைமை இன்னும் மோசம்: இரண்டு டயர், பக்கவாட்டில் அகலமான உடம்பு, தண்ணீர் வந்து அடிக்க வசதியாக. பாதி தூரத்தில் பின்டயர் வழுக்கியது, பயத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டேன், எஞ்சின் அணைந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வரை புகை சைலன்சர் வாயிலுள்ள தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அணைந்த கணமே தண்ணீர் உள்ளே ஏறிவிடும். அதற்குமேல் நான் செய்த முட்டாள்தனம், செல்ஃப் ஸ்டார்ட்டை மூன்று தடவை அழுத்தியது.

செய்த ஒரே சரியான காரியம், பைக்கை விட்டது. பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் அதோடு சேர்ந்து போயிருப்பேன். அது சாய்ந்து கீழ்ப்பக்கத்துக் குத்துக்கல்லில் மாட்டிக்கொண்டது. நான் தண்ணீர் வரும் பக்கத்துக் குத்துக்கற்களைக் கட்டிப்பிடித்து, ஒவ்வொன்றாகத் தவழ்ந்து வந்த கரைக்கே திரும்பினேன். இப்படி மாட்டினால் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, காலைத் தூக்காமல் இழுத்து இழுத்துப் பக்கவாட்டில் நகர வேண்டும். ஒரு கால் தூக்கினால் அடுத்த கால் போய்விடும். வண்டியோ பையோ உங்களுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். மேல்பக்கம் இருந்தால் உங்கள்மேல்தான் வந்து விழும்.

இனி, செய்திருக்க வேண்டியது. வண்டியைத் திருப்பி மேட்டில் நிறுத்த வேண்டும். தண்ணீர் விளிம்பில் ஒரு கம்பை ஊன்றி, பத்து நிமிடம் பார்க்க வேண்டும். கம்பின் அடி முங்கினால் வெள்ளம் இன்னும் ஏறுகிறது. கம்பு நின்ற இடம் வறண்டால் இறங்குகிறது. இந்தச் சிற்றாறுகள் ஏறிய வேகத்தில் இறங்காது. மேலே மழை நின்ற பிறகும் சில மணி நேரம் ஆகும். அதனால் நாலு மணிக்கு மேல் வெள்ளத்தைப் பார்த்தால், இரவு இந்தக் கரையில்தான் என்று முடிவு செய்துவிட்டு, ஆளிருக்கும் தோட்டக் குடியிருப்பைத் தேடிப் போவது நல்லது. போகும் வழியில் எந்தச் சப்பாத்துக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் வீடுகள் இருக்கின்றன என்று காலையிலேயே பார்த்துவைத்தால் இது சுலபம். நான் பார்த்துவைக்கவில்லை. சுமார் இரண்டு கிலோமீட்டர் நடந்து, ஒரு பஸ் நிழற்குடையில் ஒதுங்கினேன்.

அந்த இரவைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. அழுதேன், அவ்வளவுதான். நனைந்த பருத்திச் சட்டை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பது அன்றுதான் புரிந்தது. சட்டையைக் கழற்றிப் பிழிந்து போட்டபோதுதான் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. ஒரு பெரிய பிளாஸ்டிக் சாக்கு, ஒரு சின்ன டார்ச், ஒரு கட்டி வெல்லம், இவை மூன்றும் சீட்டுக்கு அடியில் இருந்திருந்தால் அந்த இரவின் பாதித் துன்பம் இல்லை.

அட்டை பதினேழு எண்ணினேன். பலர் உப்போ தீயோ வைக்கச் சொல்வார்கள். கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் அப்படி வைத்தால், அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். மெல்லிய முனை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே நகத்தைத் தோலோடு ஒட்டித் தள்ளினால் பிடி விட்டுவிடும், பிறகு தடித்த முனையையும் அதேபோல. ரத்தம் உறையவிடாத ஒன்றை அது செலுத்திவிடுவதால் காயம் வெகு நேரம் கசியும். பயப்பட வேண்டாம், அழுத்திப் பிடித்தால் போதும். உப்பும் புகையிலைத் தண்ணீரும் முன்கூட்டியே சாக்ஸில் தடவிக்கொள்ளத்தான்.

யானை வரவில்லை. ஆனால் அது வெறும் பயம் இல்லை. அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஜூனில் கம்பம் பக்கமிருந்து கொண்டுவந்து விட்டது இந்த முகட்டுக்கு மேலே, முத்துக்குழிவயல் காட்டில்தான். அது வருவதற்கு முன்பும் இந்தத் தோட்ட ரோடுகளில் யானை உண்டு. ஆவி பறக்கும் லத்தி, அப்போதுதான் ஒடித்த மூங்கில் கண்டால் திரும்பிவிடுங்கள். எதிரே கண்டால் ஹாரன் கூடாது, கடந்துபோக முயலக் கூடாது. வண்டியைப் பின்னால் எடுத்துப் போதுமான தூரம் விட்டு, அதுவாகப் போகும் வரை காத்திருக்க வேண்டும். மழையில் அதன் சத்தம் கேட்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

விடிந்ததும் பால் வெட்ட வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். மழையென்றால் அவர்களுக்கும் வெட்டு இல்லை, இருந்தும் நாலு பேர் கயிறோடு வந்தார்கள். ஏழரை மணிக்குச் சப்பாத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. பைக் அங்கேயேதான் கிடந்தது, சீட்டில் ஒரு ரப்பர் கொப்பு செருகிக்கொண்டு. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "வீட்டுக்குப் போன் பண்ணு மொதல்ல" என்று ஒரு அக்கா தன் போனைத் தந்தார்.

முங்கிய பைக்கை அந்த இடத்தில் ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. செல்ஃபை அழுத்தினால் கனெக்டிங் ராட் வளையும். என்னுடையது வளைந்துவிட்டது. 7,400-ல் பெரும்பகுதி அந்த மூன்று அழுத்தலுக்கான விலை. முதலில் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக மிதித்தால் தண்ணீர் பீய்ச்சி வெளியே வரும். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். ஆயில் பால் ஊற்றிய காப்பி மாதிரி வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வடித்துப் புது ஆயில் ஊற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு, மறுபடியும் வடித்து மாற்ற வேண்டும். ஒரு தடவை மாற்றினால் போதாது. இன்சூரன்ஸில் கேட்டேன். தண்ணீருக்குள் ஓட்டிப்போய் எஞ்சின் கெட்டால் சாதாரண பாலிசியில் கிடைக்காது, எஞ்சினுக்கென்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும் என்றார்கள்.

மற்ற இடங்களைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் எல்லோரும் கோதையாறு போகப்போவதில்லை. திற்பரப்பு அருவிக்குப் போகும் முன் செய்தித்தாளில் அணை நீர்மட்டம் பாருங்கள். பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி. அதை நெருங்கி உபரி திறந்துவிட்டால் கோதையாற்றில் வெள்ளம், அருவியில் குளிக்கத் தடை. தடை போட்ட நாளில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது, குளிக்கலாம் என்று போகாமலிருந்தால். காளிகேசம் பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம், கீரிப்பாறை வழி. அங்கே மழையென்றால் சோதனைச்சாவடியிலேயே திருப்பிவிடுவார்கள், வாதாட வேண்டாம். காட்டுக்குள் நடக்க ஆசையிருந்தால் 2024 அக்டோபரில் வனத்துறை இணைய முன்பதிவோடு தொடங்கிய 40 தடங்களில் காளிகேசமும் இஞ்சிக்கடவும் உண்டு. வழிகாட்டியோடு போகலாம், கோடையில் தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். மழைக்காலத்தில் மலை பார்த்தே ஆக வேண்டுமென்றால் மாத்தூர் தொட்டிப்பாலம் போதும்: 1966-ல் கட்டியது, 115 அடி உயரத்திலிருந்து பறளியாற்று வெள்ளத்தைக் கால் நனையாமல் பார்க்கலாம். மருந்துவாழ்மலை இதற்கு நேர் எதிர். அங்கே தண்ணீர் ஆபத்தில்லை, தண்ணீர் இல்லாததுதான் ஆபத்து. ஆறு மணிக்கே ஏறத் தொடங்கி, ஆளுக்கு இரண்டு லிட்டரோடு போய், வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். எங்கே போனாலும் இடமும் திரும்பும் நேரமும் வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வெள்ளத்தில் மாட்டியவர்களுக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

கடைசியாக அந்தக் காய்ச்சல். பத்தாம் நாள் குளிரோடு தொடங்கி, தலை பிளக்கிற வலி. முதலில் பார்த்த கிளினிக்கில் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று மூன்று நாள் மாத்திரை. குறையவில்லை. டெங்கு, மலேரியா, டைபாய்டு என்று டெஸ்ட்டுக்கு மேல் டெஸ்ட், எதுவும் இல்லை. பணம் அதில்தான் போனது. ஐந்தாம் நாள் வேறொரு டாக்டர் உடம்பு முழுக்கத் தேடினார். தொடையிடுக்கில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு. வலி, அரிப்பு எதுவும் இல்லாததால் அதை நான் பார்க்கவே இல்லை. ஸ்க்ரப் டைபஸ், நம்ம ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்களே, அது. புதர்களிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். டாக்ஸிசைக்ளின் கொடுத்த இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம் வரைக்கும் போகக்கூடிய நோய். நீங்களாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். ஆனால் மலைக்குப் போய்வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எத்தனை நாள் காய்ச்சல் என்று சொல்வதற்கு முன்பே "காட்டுக்குப் போனேன், புல்லில் உட்கார்ந்தேன்" என்று சொல்லுங்கள். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பில் துணி இறுகும் இடம், முழங்காலின் பின்பக்கம் எல்லாம் கண்ணாடியில் பாருங்கள். திரும்பி வந்த அன்றே சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, போட்டிருந்த துணியை வெந்நீரில் ஊறவைத்துவிட வேண்டும். என் ஜீன்ஸ் மூன்று நாள் கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்கியது.